புழுவுக்கு மனசு தெரியும் என்றார்கள்

ஏரியூர் பின்னால் போய்விட்டது. பென்னாகரம் ரோட்டில் மூன்றாவது கல்லைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மார்கழி மாதத்துக் காலை. பனி இறங்கிப் புளியமரங்களின் நடு உடம்பை மறைத்திருந்தது. மேலே கிளை தெரிந்தது, கீழே தூர் தெரிந்தது, நடுவில் மரமே இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு டவுசர், ஒரு சட்டை, சித்தி முந்தின நாள் வறுத்து வைத்திருந்த வேர்க்கடலையில் நான் எடுத்துக்கொண்ட இரண்டு கை. காலில் செருப்பு இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வயதுப் பையன்கள் யார் காலிலும் அப்போது செருப்பு இல்லை. ஆனால் பனியில் தார் ரோடு பாதத்தைக் கடிக்கும். அதனால் வேகமாக நடந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. சித்தி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் நிறைய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அந்த ஒரு வருடம் அப்பா போட்ட கெடு. அப்பா தொப்பூரில் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் புரோட்டா மாஸ்டர். அம்மா நான் ஐந்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். ஆறாவதில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். வாத்தியார் அடித்தார் என்றோ கணக்கு வரவில்லை என்றோ காரணம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பருவம் மாறினால் அதுவரை செய்துகொண்டிருந்த காரியம் எனக்குப் பிடிக்காமல் போய்விடும், அவ்வளவுதான். மழை தொடங்கியதும் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. தையல் கடையில் விட்டார்கள். வெயில் ஏறியதும் காஜா எடுப்பது பிடிக்கவில்லை. ஒரு உரக் கடையில் விட்டார்கள். ஆடிக் காற்று கிளம்பிய அன்று சாயங்காலம் அங்கிருந்து நடையைக் கட்டினேன். கடைசியில் ஆடு மேய்க்க அனுப்பினார்கள். பனி விழ ஆரம்பித்ததும் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

அப்பா என்னைச் சித்தப்பாவிடம் கொண்டுவந்து விட்டபோது, நான் பக்கத்திலேயே டம்ளரோடு உட்கார்ந்திருந்தும், அங்கே நான் இல்லாதது போலச் சொன்னார்.

“தையில இருந்து தை வரைக்கும் ஒரு வருசம். வெயிலு, காத்து, மழ, பனி, நாலும் இவன் மேல ஏறி எறங்கணும். நின்னான்னா வந்து கூட்டிக்கிட்டுப் போறன். ஓடுனான்னா தொப்பூர் பக்கம் தலை வச்சுப் படுக்க வேணாம்னு சொல்லிடுங்க.”

“அதெல்லாம் நிப்பான். நம்ம புழு யாரையும் உக்கார விடாது, அப்புறம் எங்க ஓடறது?” என்றார் சித்தப்பா.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதில்லை. நம்மில் பாதிப் பேரை இப்படித்தான் அங்குமிங்கும் நட்டுப் பார்த்தார்கள், எங்கே வேர் பிடிக்கிறது என்று. இப்போது பேரப்பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, வருடம் முழுக்க உற்சாகமாக இருப்பது எப்படி என்று யாரோ பேசுவதைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நமக்கு உற்சாகம் என்ற சொல்லே ரேடியோவில்தான் கேட்டது. இருந்தாலும் அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஒரு வருடம் முழுக்க இருந்தவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சித்தப்பாவின் கொட்டாய் வீடு ஏரியூருக்குத் தெற்கே, நிலத்துக்கு நடுவில் இருந்தது. ஒரு கிணறு, ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டம், ஒரு பசுமாடு. வீட்டைவிடப் பெரிதாக, வீட்டைவிடச் சுத்தமாக ஒரு தனி அறை. அதுதான் புழு வீடு. பட்டுப்புழு வளர்த்துக் கூடு எடுத்து விற்பது அவர்கள் பிழைப்பு. வருடத்துக்கு ஐந்து தடவை முட்டை வாங்கிவந்து பொரிக்க வைப்பார்கள். பொரித்ததிலிருந்து கூடு கட்டும்வரை ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறையும். அந்த ஒரு மாதமும் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடக்கூடாது. கருவாடு வறுக்கக்கூடாது. வெளியாள் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. உள்ளே போகிறவன் வாசலில் தொட்டித் தண்ணீரில் கால் கழுவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. முதல் நாளே சித்தப்பா சொன்னார்.

“டேய், எலை போடறப்ப மூஞ்ச உர்ருனு வச்சுக்காத. புழுவுக்கு மனசு தெரியும். போடறவன் சலிச்சுக்கிட்டுப் போட்டான்னா அது வாயெடுத்துச் செத்துடும்.”

சித்தி அதை அப்படியே நம்பினாள். மாடு கன்று போடாமல் இருந்தபோதும், கிணற்றில் தண்ணீர் கீழே போனபோதும், புழு வீட்டு வாசலில் நின்று முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் உள்ளே போவாள். நானும் பழகிக்கொண்டேன். கால் கழுவு, சிரி, உள்ளே போ.

தை மாதத்துப் புழு எனக்குப் பிடித்திருந்தது. மல்பெரி இலையைப் பனி காய்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும், ஈர இலை ஆகாது. பறித்த இலையைச் சித்தப்பா பலகையில் வைத்து வெட்டுவார். சின்னப் புழுவுக்குப் பொடிப்பொடியாக, வளர வளரப் பெரிதாக. அப்புறம் மூங்கில் தட்டு தட்டாக நாங்கள் தூவுவோம். தின்னும் சத்தம், நிறையப் பேர் சேர்ந்து செய்தித்தாளை மெதுவாகக் கசக்குவது போலக் கேட்கும். நாலு நாள் தின்றுவிட்டு, புழுக்கள் தலையைத் தூக்கி அப்படியே அசையாமல் நின்றுவிடும். அதைத் தூக்கம் என்பார்கள். தோலை உரித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு நாள் ஆகும். அந்த நாளில் இலை கிடையாது, எனக்கும் வேலை கிடையாது. இப்படி நாலு தூக்கம்.

அந்தத் தூக்கம்தான் என்னை நிற்க வைத்தது. ஒரு வருடம் என்பது என் தலைக்குள் நுழையாத ஒரு மூட்டை. நாலு நாள் என்றால் நுழையும். அடுத்த தூக்கம் வரை இருப்போம், அப்புறம் ஓடலாம் என்று நினைத்துக்கொள்வேன். தூக்கம் வரும். கிணற்றில் குதித்துக் குளிப்பேன், மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை போவேன். திரும்பி வந்தால் புழு புதுத் தோலோடு பசித்துக் காத்துக்கொண்டிருக்கும். சரி, இன்னும் நாலு நாள் என்று ஆகிவிடும்.

முதல் தடவைக் கூடு நன்றாக வந்தது. மூங்கிலை வட்ட வட்டமாகச் சுற்றிய பெரிய தட்டிகளில் மஞ்சள் மஞ்சளாகக் கூடு. அவற்றை வாசலில் நிமிர்த்தி வைத்தபோது கொட்டாய்க்கே யாரோ மாலை போட்டது மாதிரி இருந்தது. அந்தத் தட்டிகளை இப்போது நான் எங்கும் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக்கில் மடிப்பு மடிப்பாக ஏதோ வந்துவிட்டது.

சித்திரையில் இரண்டாவது. வெயில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. சாக்குப் பைகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். மறுபடி கிணறு, மறுபடி குடம். பத்தாவது நாளே எனக்கு வெறுத்துவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்புகளில் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை பையை எடுத்து வைத்தேன். தூக்கத்தைக் கணக்குப் பண்ணிப் பண்ணி நாளை ஓட்டினேன். ஒரு மத்தியானம் உள்ளே நின்று, எந்தப் பாவி இந்தப் புழுவைக் கண்டுபிடித்தானோ என்று வாய்விட்டே திட்டினேன். அப்படியும் கூடு வந்தது. கொஞ்சம் சிறுத்து வந்தது, ஆனால் வந்தது.

இதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அந்த வருடத்திலேயே நான் அதிகமாகச் சலித்துக்கொண்டது அந்தச் சித்திரையில்தான்.

ஆனியில் சித்தப்பாவுக்குப் பல் வலி வந்தது. கடைவாய்ப் பல். இரண்டு நாள் கன்னம் வீங்கித் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பேய் பிடித்தவர் மாதிரி கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சந்தையில் யாரோ புகையிலையை அடக்கச் சொன்னார்கள். அடக்கினார், வலி குறைந்தது. அதற்குப் பிறகு வலி இல்லாத நாளிலும் இடுப்பில் ஒரு சின்னச் சுருக்குப்பை தொங்கியது. உள்ளங்கையில் புகையிலையை வைத்துச் சுண்ணாம்பு தடவிக் கட்டைவிரலால் தேய்ப்பார். பார்க்க அழகாக இருக்கும்.

ஆடியில் மூன்றாவது. காற்று வந்தது. நம் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றில் மண், காதில் மண், பேசினால் பல்லில் மண். பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல் போக வேண்டும் என்று கேட்டேன். அக்கம்பக்கத்துக் கொட்டாயெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போனது.

“புழு இருக்குதுடா. புழுவ விட்டுட்டு ஆத்துல போய் முழுவுனா சரியாப் போச்சா?” என்றார் சித்தப்பா.

அன்று முழுவதும் உர்ரென்றுதான் இலை போட்டேன். வாசலில் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் புழுக்கள் தலையை மேலே தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. தூக்கத்தில் நிற்கிற மாதிரி இல்லை. ஏதோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது போல. வாயில் பச்சையாக வாந்தி. உடம்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டன. சித்தி தட்டுகளை ஒவ்வொன்றாக எருக்குழியில் கவிழ்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

சித்தப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பையன் மனசு காத்தோட போயிடுச்சு. புழு என்னா பண்ணும்?” என்று மட்டும் சொன்னார்.

நான் நம்பினேன். நம்பாமல் எப்படி? நான் உர்ரென்று இருந்தேன், புழு செத்தது. பதின்மூன்று வயதில் இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

அதற்குப் பிறகு எனக்குச் சலிப்பைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. ஐப்பசியில் நாலாவது தடவை முட்டை வந்தபோது நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை ஒரு நிமிடம்கூடச் சலிக்கக்கூடாது. மழை விடாமல் பெய்தது. ஈர இலையை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க வேண்டும். சலிக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டுகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தேன். மேல் வரிசையில் நான் பார்த்த ஊர்கள்: தொப்பூர், தருமபுரி, அரூர், பாலக்கோடு. கீழ் வரிசையில் பார்க்காத ஊர்கள்: திருவண்ணாமலை, மைசூர், மெட்ராஸ். இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாதிரி வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவேன். தொப்பூரில் நிறுத்தி இலை இறக்குவேன். அரூரில் டீ குடிக்க ஐந்து நிமிடம் நிற்கும் என்று அறிவிப்பேன். கீழ் வரிசைக்குப் பெரும்பாலும் சித்தப்பாவே போட்டுவிடுவார், மேலே எட்டிப் போட அவருக்குத் தோள் தூக்காது.

சித்தி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள். “அரூர் வண்டி எப்ப வரும்?” என்று கேட்டாள். அந்த மழைக்காலத்தில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

மூன்றாவது தூக்கம் கழிந்து கீழ் வரிசை முழுக்கத் தலையை ஆட்டிச் செத்தது. மேல் வரிசை கொஞ்சம் தப்பியது. அதற்கும் என்னிடம் கணக்கு இருந்தது. பார்க்காத ஊர்களுக்கு என் மனசு முழுதாகப் போகவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அந்தப் பையன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். ராத்திரி படுத்துக்கொண்டு மைசூர் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பான்.

மார்கழியில் ஐந்தாவது. சித்தப்பா என்னை உள்ளே விடவில்லை.

“எல்லாத் தட்டுக்கும் நானே போட்டுக்கறன். நீ எலை மட்டும் பறிச்சுட்டு வந்து வாசல்ல வை. உள்ள மூஞ்சியக் காட்டாத.”

நான் பறித்து வைத்தேன். விரல் மரத்துப்போகும் குளிரில் ஒரு பழுத்த இலைகூடக் கலக்காமல் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். வாசலோடு கூடையை வைத்துவிட்டு, புழுவுக்குத் தெரிந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவேன். அந்தத் தடவை ஒன்றுகூடத் தப்பவில்லை. மேல் வரிசை, கீழ் வரிசை, எல்லாம் போனது.

“எலையில அவன் கை பட்டுச்சே,” என்றார் சித்தப்பா சித்தியிடம். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார். “இவன் இந்தக் கொட்டாயில இருக்கற வரைக்கும் இன்னொரு தடவ முட்டை வாங்க மாட்டன். மல்பெரியப் புடுங்கிட்டு மரவள்ளி நட்டுட்டுப் போறன்.”

அன்றைக்கும் சித்தி எனக்குக் களி உருண்டையைச் சின்னதாக்கவில்லை. அது எனக்குச் சித்தப்பாவின் பேச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது கல்லைத் தாண்டி நடந்தேன் என்றேன் அல்லவா? அங்கேதான் எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது பனிக்குள் தெரிந்தது. பின் சக்கரம் பஞ்சர். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுற்றி மப்ளர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கேரியரில் புது மூங்கில் தட்டுகள் நாலு. புழுத் தட்டுகள். அதைப் பார்த்ததும் நான் ரோட்டின் மறு ஓரத்துக்குப் போய்விட்டேன்.

“தம்பி, பொழுது விடிஞ்சும் விடியாம எங்க கெளம்பிட்ட? வூட்ல சொல்லிட்டு வந்தியா?”

“சொன்னேங்க.”

“யாருகிட்ட?”

“மாட்டுகிட்டங்க.”

அவர் நின்றுவிட்டார். “மாடு போவ வேணாம்னு சொல்லலியா? சரி, இங்க வா. கயிறு அவுந்துகிச்சு, இந்தத் தட்ட ஒரு கை புடி.”

“வேணாங்க பாய்.”

“என்னா வேணாம்? தங்கத்தத் தூக்கவா சொன்னன்?”

“நான் தொட்டா புழு செத்துருங்க.”

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். “இதுல புழுவே இல்லியேடா.”

“இனிமே வுடுவீங்கல்ல.”

கயிற்றை அவரே கட்டிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. ரோட்டின் அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் நான். கத்திக் கத்திப் பேசிக்கொண்டே நடந்தோம். அவர் தருமபுரியில் கூட்டை வேகவைத்துப் பட்டு நூல் எடுக்கிறவர். அவருடைய அக்கா பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் தோட்டம் வைத்துப் புழு வளர்க்கிறாள். அக்காவுக்குத் தட்டு வாங்க ஏரியூர் வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறார். நான் ஆடி, ஐப்பசி, மார்கழி மூன்றையும் சொன்னேன். என் மனசு சலித்த விவரம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“செத்தது எப்பிடி இருந்துச்சு? கறுத்துப் போச்சா, பால் மாதிரி ஒழுவுச்சா?”

“இல்லீங்க. தலையத் தூக்கி இப்பிடி இப்பிடி ஆட்டுச்சு. பச்சையா வாந்தி எடுத்துச்சு. சுருங்கிப் போச்சு.”

அவர் சைக்கிளை நிறுத்தினார். முகம் மாறிவிட்டது.

“உங்க சித்தப்பன் பீடி குடிப்பாரா?”

“இல்லீங்க.”

“பொடி போடுவாரா?”

“இல்லீங்க. பொயலதான் போடுவாரு.”

“எப்ப இருந்து?”

“பல்லு வலி வந்ததுல இருந்துங்க. ஆனி மாசம்.”

“எலை வெட்டறது யாரு?”

“அவருதாங்க.”

“கையக் கழுவுவாரா?”

“கால் கழுவுவாருங்க.”

அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் கையை விட்டுப் போய்த் தட்டுகளோடு ரோட்டில் விழுந்தது. “கால் கழுவுவாரு! யா அல்லா, கால் கழுவுவாரு!” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்துக் காட்டினார்.

“இதப் பாரு. இது என் பையில இருக்கற வரைக்கும் எங்க அக்கா என்னப் புழு வூட்டு வாசல்ல நிக்க வுடாது. சோறுகூட மரத்தடியிலதான். ஒரு தடவ தெரியாம எலையில கை வச்சிட்டன். பத்துத் தட்டு. நீ சொன்ன அதே மாதிரி தலைய ஆட்டி ஆட்டிப் போச்சு. பொயல வாசம் கையில இருந்தாப் போதும், புழுவுக்கு வெசம். அன்னிக்கு எங்க அக்கா என்ன அடிக்க வந்தது தொடப்பத்தால இல்ல தம்பி, அருவாளால.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கினாலும் நம்பத் தைரியம் வரவில்லை.

“அப்ப சலிச்சுப் போனாங்க?”

“என்னா சலிச்சுப் போனா?”

“எலை போடறப்ப நம்ம மனசு சலிச்சுப் போனா, புழுவுக்குத் தெரியாதுங்களா?”

“டேய், அதுக்குக் கண்ணே ஒழுங்காத் தெரியாது. உன் மூஞ்சி எப்பிடி இருந்தா அதுக்கு என்னா? எங்க அக்கா எட்டு வருசமா என்னயும் மச்சானையும் திட்டிக்கிட்டேதான் எலை போடுது. கூடு இந்தா தண்டி வருது.” கட்டைவிரலைக் காட்டினார்.

ரோட்டோரத்தில் ஒரு சின்ன மதகு இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பயங்கரமாகப் பசித்தது. மஞ்சள் பையில் கையை விட்டு வேர்க்கடலையை எடுத்து, ஒன்று விடாமல் தின்றேன். ஆடி மாதத்திலிருந்து நான் எதையும் ருசி தெரிந்து தின்னவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பனி கலைந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் கேழ்வரகு அறுத்த நிலம் மஞ்சளாகக் கிடந்தது. நான் ஒன்றையும் கொல்லவில்லை. என் மனசுக்கு அந்தச் சக்தி இல்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பாய் கடலைக்குக் கை நீட்டினார். அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது. எழுந்து போய்த் தட்டுகளைத் தூக்கிக் கேரியரில் வைத்து, நானே கயிறு கட்டினேன்.

சித்தப்பாவை இப்போது நினைத்தால் கோபம் வருவதில்லை. அவரும் நம்பித்தான் சொன்னார். புழு மனசறியும் என்பது அவருக்கு யாரோ சொன்னது. அவர் அப்பா சொல்லியிருக்கலாம். பாய் அந்த வாரமே புகையிலை விஷயத்தை எழுதிக் கொட்டாய்க்கு ஒரு கார்டு போட்டார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் படிக்கத் தெரியாது, யார் படித்துக் காட்டினார்களோ. மாசியில் ஏரியூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார், சித்தப்பா தருமபுரிக்குப் போய் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். சுருக்குப்பையைச் சித்தி கிணற்றில் வீசினாளாம். கிணற்றுத் தண்ணீர்தானே தோட்டத்துக்குப் பாயும் என்று பயந்து, சித்தப்பா இறங்கித் தேடி எடுத்தாராம். பங்குனியில் கூடு வந்தது.

அப்பா தை பிறந்ததும் சித்தி வீட்டுக்குப் போய், அங்கே நான் இல்லாததைக் கண்டு, விசாரித்துக்கொண்டு, பென்னாகரம் பக்கம் நான் இருந்த இடத்துக்கே வந்தார். கெடுவுக்குப் பத்தொன்பது நாள் குறைந்ததைப் பற்றி அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். இலை பறித்துக் கறுத்திருந்தது. “எங்க இருந்தா என்னா, வேலையில இருக்கறியா?” என்று கேட்டார். ஓட்டலில் இருந்து ஆறு புரோட்டா கட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்து தின்றோம்.

ஒரே இடத்தில் நிற்கிற ஆளாக நான் பிறகும் மாறவில்லை. கரும்பு வெட்டியிருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கியிருக்கிறேன், கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் இருந்திருக்கிறேன். காற்று மாறும்போதெல்லாம் அந்தச் சலிப்பு வந்து தோளில் உட்காரும். முன்பு அதைக் கண்டதும் ஓடுவேன். பிறகு, வந்தால் வரட்டும் என்று அதையும் தூக்கிக்கொண்டு வேலை பார்க்கப் பழகினேன். சில தடவை அது தானாக இறங்கிப் போனது. சில தடவை நான் போனேன்.

மதகிலிருந்து எழுந்து நடந்த அன்றைக்கு மத்தியானம் பாயின் அக்கா வீட்டை அடைந்தோம். தட்டுகளைப் பார்த்ததும் அவள் “நாலு தட்டுக்கு ரெண்டு நாளா?” என்று தம்பியைத் திட்டினாள். என்னை யார் என்று கேட்காமலே சோறு போட்டாள். எனக்கும் மரத்தடியில்தான். தின்னும்போதே தூக்கம் சொக்கியது. மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் மேல் படுத்தவன் மறுநாள் சேவல் கூவித்தான் எழுந்தேன்.

அவள் புழு வீட்டு வாசலில் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, “கையக் காட்டு” என்றாள்.

நீட்டினேன். இரண்டு கையையும் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண்.

“பீடி?”

“இல்லீங்கம்மா.”

“பொயல, பொடி?”

“இல்லீங்கம்மா.”

“எத்தன நாளு இருப்ப?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. “தெரியலீங்கம்மா. வெயில் வந்தா எனக்குச் சலிச்சுப் போயிடும்.”

“எனக்கு இப்பவே சலிச்சுத்தான் கெடக்குது. போ, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வா.”

கழுவிவிட்டு உள்ளே போனேன். இரண்டாம் தூக்கம் கழிந்த புழு, பசியோடு நெளிந்துகொண்டிருந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் தட்டில் இலையைத் தூவினேன். குளிராக இருந்தது. பாதித் தூக்கம் கண்ணிலேயே இருந்தது. இருபது தட்டு பாக்கி இருந்தது, நினைத்தாலே அலுப்பாக இருந்தது. வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி வந்தது. மறைக்காமல், முகத்தைத் திருப்பாமல், தட்டுக்கு நேராகவே விட்டேன்.

புழு தின்றுகொண்டிருந்தது. நான் அடுத்த தட்டுக்குப் போனேன்.